பெயர் தெரியாததற்கும் ஒரு எண்

மைக்காரருக்கு ஏதோ சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான், அவருடைய மனைவி அல்ல. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அவர் வீட்டு வாசலும் என் வீட்டு வாசலும் எதிரெதிர். கதவைத் திறந்தால் அவர் செருப்பு தெரியும், மூடினால் அவர் குரல் கேட்கும்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் அவர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், யாருடைய பை எந்த பெஞ்சில் அநாதையாகக் கிடக்கிறது என்பதையெல்லாம் ஊருக்கே சொல்லுகிற வேலை. குரலும் அதற்கென்றே செய்து வைத்தது போலிருக்கும். வீட்டில் "உப்பு எங்க?" என்று அவர் கேட்டால் கீழ்வீட்டுக்காரி தன் உப்பு டப்பாவைத் தேடுவாள். மைக்காரர் என்ற பட்டப்பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. அவர் மனைவியே ஒருநாள் கோபத்தில், "முதல்ல அந்த மைக்கை அணைச்சுட்டுப் பேசுங்க" என்று கத்தியதோடு அது ஊர்ஜிதமாகிவிட்டது.

அப்படிப்பட்ட மனிதர் பாடாமல் குளிக்க ஆரம்பித்தார். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார். முகத்தில் வலி இல்லை, யோசனை இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு உறை போட்டு மூடிவிட்டு நடந்து வேலைக்குப் போனார். நான் அவர் மனைவியிடம் நாசூக்காகத்தான் கேட்டேன்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு யார்கிட்டயாவது சண்டையா?"

"நாப்பது வயசானா எல்லா ஆம்பளைக்கும் வர்ற மூஞ்சிதான் அக்கா அது. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

ரெண்டு நாளில் சரியாகவில்லை. ஒருநாள் அவள் பிடித்த பிடியில் மனிதர் வாய் திறந்திருக்கிறார். "கீழ கொஞ்சம் கோளாறு" என்றாராம். கீழே என்றால் முழங்காலா, பாதமா என்று இவள் கேட்க, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அதற்குப் பிறகுதான் இவளுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். தனியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்துப் போனார்.

போய்விட்டு வந்தும் சில நாள் குளியலறையில் பாட்டு இல்லை. பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சீட்டை வாங்கி வந்தார். அன்றைக்குப் படியேறி வந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் தேறிய பையன் தோற்றான்.

"நம்பர் போட்டுட்டாங்க!" என்றார் வாசலிலேயே. எனக்கும் கேட்கட்டும் என்று சொன்னாரோ, குரலே அப்படியோ. "பாரு, இதுதான் நம்பர். ஒரு எழுத்து, ஐம்பது, ஒரு புள்ளி, ஒன்பது. என்னவோ ஏதோன்னு பயந்தேன். தெரியாத வண்டிக்கு எவனாவது நம்பர் போடுவானா? நம்பர் இருக்குன்னா அது தெரிஞ்ச ரூட். எத்தனையோ பேருக்கு வந்து போற சமாசாரம்."

"வைத்தியம் என்னவாம்?" என்றாள் மனைவி.

"டாக்டர் ஸ்கேன் எழுதியிருக்காரு. இன்சூரன்ஸ் அனுமதி வரணும். வந்தா போறேன். ஒண்ணும் அவசரமில்ல."

மறுநாள் குளியலறையில் பாட்டு திரும்பிவிட்டது. வாழ்நாள் முழுக்க வண்டி எண்களை வாசித்தே பிழைத்தவருக்கு, எண் என்றால் தெரிந்த சங்கதி என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சீட்டில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், கண்டுபிடிக்காமலா கொடுப்பார்கள்?

இந்த இடத்தில் நம்பர்க்காரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மாடியின் கோடி வீட்டில் இருக்கிற பெண். முதலில் குடிவந்தபோது, என்ன வேலை என்று கேட்டால் "நம்பர் போடற வேலை" என்றாள். லாட்டரி என்று நினைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்காரி சிறிது காலம் அவளிடம் ரொம்பப் பிரியமாக இருந்தாள். பிறகுதான் தெரிந்தது, அவள் ஆஸ்பத்திரிக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மருத்துவர் எழுதிய குறிப்பை வாசித்து, அதில் இருக்கிற நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த காரியமெல்லாம் நடக்குமாம்.

அவளுக்கு வந்த பார்சல் ஒன்று ஒருமுறை என் வீட்டுக்கு வந்துவிட்டது. அதைக் கொடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். மேசையில் இரண்டு திரை. நான் வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டையும் இருட்டாக்கிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

"நான் என்ன, படிச்சுட்டா போயிடப் போறேன்?"

"படிக்கலைனாலும் அணைக்கணும் அக்கா. அதான் வேலை."

மனசு கேட்காமல் கொஞ்சம் சமாதானமும் செய்தாள். எண்களின் பெரிய தொகுப்பு ஒன்றைத் திறந்து காட்டினாள். யாருடைய பெயரும் இல்லாத வெறும் எண்கள். ஏணியிலிருந்து விழுந்தால் ஒன்று, படியிலிருந்து விழுந்தால் வேறொன்று. வலது காலின் சுண்டுவிரலுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. முதல் தடவை வந்தவருக்கு ஒன்று, அதே காயத்தோடு மறுபடி வந்தவருக்கு ஒன்று.

"வாத்து கடிச்சா கூட தனி நம்பர் இருக்கு அக்கா."

"வாத்து கடிக்குமா?"

"கடிக்கும் போல. யாரையோ கடிச்சிருக்கு. இல்லாட்டி நம்பர் வந்திருக்காதே."

சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். ஆனால் என் வீட்டுக் கதவருகே வந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். மனித உடம்புக்கு வரக்கூடிய அத்தனை துன்பத்துக்கும், வாத்து வரைக்கும், யாரோ உட்கார்ந்து யோசித்து ஆளுக்கொரு வீடு கட்டி, கதவில் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தத் துன்பம் வந்து தட்டினாலும் உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ.

சரி, மைக்காரரிடம் வருவோம். ஸ்கேனுக்கு அனுமதி வரவில்லை. "விவரம் போதாது" என்று போனில் ஒரு செய்தி வந்தது. மனிதர் அதற்கும் அசரவில்லை.

"அவசியமில்லைன்றதைத்தான் ஆபீஸ்காரன் இப்படிச் சுத்தி வளைச்சுச் சொல்றான். நல்லதாப் போச்சு."

மனைவிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு நம்பர்க்காரி வீட்டுக்குக் கிளம்பினாள். தனியாக எப்படி அனுப்புவது? நானும் போனேன்.

நம்பர்க்காரி சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் படிக்கிறதில் நான் சோடை போனவள் இல்லை. ஆனால் அந்த முகத்தில் ஒரு கோடு கூட அசையவில்லை. சீட்டை மடித்து மனைவியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, சாரைக் கூட்டிட்டு வர முடியுமா?"

"எதுக்கு? எங்கிட்ட சொல்லேன்."

"சீட்டு அவரோடது. அவர் இருந்தாத்தான் பேசுவேன்."

மைக்காரர் உற்சாகமாகவே வந்தார். "என்னம்மா, என் வண்டி எத்தனாவது மேடை?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எதிர்வீட்டு அக்கா இருக்கலாமா சார்?"

"அவங்களை வெளிய அனுப்பினா மட்டும் தெரியாமப் போயிடுமா? இருக்கட்டும்."

இந்த நக்கலை நான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் சீட்டை மேசையில் விரித்து, எழுத்திலிருந்து தொடங்கினாள். "இந்த எழுத்து, சிறுநீர் சம்பந்தப்பட்டது, இனப்பெருக்க உறுப்பு, இதெல்லாம் இருக்கற பகுதி. இந்த ஐம்பது, ஆம்பளைங்களோட உறுப்புல வர்ற இதர கோளாறு. புள்ளிக்கு அப்புறம் இருக்கற ஒன்பது..." கொஞ்சம் நிறுத்தினாள். "என்னன்னு குறிப்பிடலைன்னு அர்த்தம்."

"குறிப்பிடலைன்னா?"

"இது நோயோட பேர் இல்ல சார். பேர் இன்னும் தெரியலைன்றதுக்கான நம்பர். தெரியாததுக்கும் ஒரு நம்பர் வேணும் இல்லையா?"

மைக்காரரின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்போ அது என்னவா வேணா இருக்கலாமா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லாததாவும் இருக்கலாம் அக்கா. ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக்கூடாததாவும் இருக்கலாம். இந்த நம்பருக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதனாலதான் ஸ்கேனுக்கு அனுமதி தரல. எதைத் தேடறதுக்குன்னு அவங்களுக்குத் தெரியல."

"நீதானே நம்பர் போடறவ? சரியான நம்பரா ஒண்ணு போட்டுக் கொடேன்மா. உனக்குக் கோடி புண்ணியம்."

"டாக்டர் எழுதாததை நான் போட முடியாது."

"அவரைக் கேளு!"

"கேக்கலாம். ஆனா 'இதுவா இருக்குமா'ன்னு நான் எடுத்துக் கொடுக்கக்கூடாது. விடையைக் கேள்விக்குள்ள வச்சுக் கேட்டா அப்புறம் அது என்ன கேள்வி? 'மேல விவரம் இருக்கா'ன்னு மட்டும்தான் கேக்கலாம். அவருக்குத் தெரிஞ்சாத்தானே எழுதுவாரு?"

மூன்று பெண்களும் மெல்ல ஒரே பக்கம் திரும்பினோம். மைக்காரர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டச் சொன்னாரு," என்றார். அந்தக் குரல் இவ்வளவு சின்னதாகவும் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன். என்ன பண்ணுதுன்னு கேட்டாரு. ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

அந்த அறையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கேயோ ஒரு அலுவலகத்தில் அனுமதி கொடுக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்காகக் காத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி எண்ணுக்காக, எண் போடுகிறவள் மருத்துவருக்காக, மருத்துவர் இந்த மனிதருக்காக. அத்தனை பெரிய கட்டடம், அத்தனை இயந்திரம், வாத்துக்கடிக்குக்கூட எண் வைத்திருக்கிற அந்தப் பிரம்மாண்டமான தொகுப்பு, எல்லாமே ஒரு பேருந்து அறிவிப்பாளர் வாய் திறக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தன. வேறு யாரும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. நிரப்பவும் விடமாட்டார்கள்.

நம்பர்க்காரி அவரிடம் என்ன உபாதை என்று கேட்கவே இல்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

"எனக்குத் தெரிய வேண்டாம் சார். அவர்கிட்ட எந்தப் பக்கம், எப்போலேர்ந்து, தொட்டா எப்படி இருக்குன்னு சொல்லுங்க. போதும்."

அவர் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று மாலை நான் பேருந்து நிலையம் பக்கம் போயிருந்தேன், வேலையாகத்தான். இரண்டாம் மேடைக்கு வர வேண்டிய வண்டியை ஐந்தாம் மேடைக்கு என்று அறிவித்துவிட்டார். ஒரு கூட்டமே மூட்டை முடிச்சோடு ஐந்தாம் மேடைக்கு ஓடி, திட்டிக்கொண்டே திரும்பி ஓடிவந்தது. அத்தனை வருட வேலையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்று டிக்கெட் கொடுக்கிறவர் சொன்னார். கண்ணாடி அறைக்குள் மைக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னாராம். "காலையில போலாம். நீயும் வா." என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அவள் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஒரு துணை வேண்டாமா?

ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவரோரமாக நீளமான பெஞ்சு. கைக்குக் கட்டுப் போட்டுத் தொங்கவிட்டிருந்த ஒருவர், மடியில் கோப்புகளை அடுக்கிக்கொண்டு ஒரு நர்ஸ், கதவோரம் ஒரு காவலாளி, இன்னும் சிலர். மருத்துவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தானே எழுந்து வந்து மைக்காரரை உள்ளே அழைத்தார். மனைவி எழுந்தாள். மைக்காரர் கையமர்த்தினார்.

"நீ இங்கயே இரு. நீ இருந்தா எனக்குச் சொல்ல வராது."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து நாற்காலி நகரும் சத்தம். மருத்துவரின் தணிந்த குரலில் ஏதோ ஒரு கேள்வி. பிறகு ஒன்றுமில்லை. மருத்துவர் மறுபடி கேட்கவில்லை, காத்திருந்தார் போலிருக்கிறது. மனைவி என் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தாள். "முழுங்கிட்டு வந்துடுவாரு அக்கா" என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

அப்போது அந்தக் குரல் வந்தது.

சாதாரணமாகப் பேசிப் பார்த்திருப்பார், வந்திருக்காது. அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னார். மைக்கின் முன்னால் உட்கார்ந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படி, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, கதவைத் தாண்டி, நடைபாதையின் கடைசி வரைக்கும்.

"இடது பக்க விதையில் ஒரு கட்டி இருக்கிறது. கல்லைப் போல் கடினமாக இருக்கிறது. தொட்டால் வலி இல்லை. மழை ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. இப்போது பெரிதாகிக்கொண்டு வருகிறது." ஒரு இடைவெளி. அதன் பிறகு அறிவிப்பாளர் போய்விட்டார், மனிதர் மட்டும் இருந்தார். "எனக்குப் பயமா இருக்கு டாக்டர்."

நடைபாதையில் ஒருவரும் அசையவில்லை. யாராவது சிரித்தால் என்ன செய்ய வேண்டும் என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துத் தயாராகத்தான் இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் கோப்பின் மேல் வைத்த பேனாவை எடுக்கவே இல்லை. கைக்குக் கட்டுப் போட்டிருந்தவர் தரையைப் பார்த்தபடி மெல்லத் தலையை ஆட்டினார். காவலாளி, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்பதுபோல் நிமிர்ந்து நின்றார். இந்த வாயால் நான் எத்தனையோ பேரின் கதையைச் சொல்லியிருக்கிறேன். எதைச் சொல்லவும் எனக்கு ஒருநாளும் இவ்வளவு தைரியம் தேவைப்பட்டதில்லை.

மனைவி அழவில்லை. எழுந்து போய் அந்தக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் உருண்டோடியது. மருத்துவர் பரிசோதித்தார். எந்தப் பக்கம், என்ன மாதிரி, எப்போதிலிருந்து என்று விவரமாக எழுதினார். புதிய எண் விழுந்தது. அதே நாளில் அனுமதி வந்தது, அதே நாளில் ஸ்கேனும். புற்றுநோய்தான். ஆனால் இருந்த இடத்தை விட்டு எங்கும் நகரவில்லை. அந்த வாரமே அறுவை சிகிச்சை செய்து இடது பக்க விதையை எடுத்துவிட்டார்கள். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று மருத்துவர் மனைவியிடம் சொன்னாராம். மைக்காரர் மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதனால குரல் மாறுமா?" என்பதாம். இருக்கிற ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும், குரல் எங்கும் போகாது என்று சிரிக்காமல் பதில் சொன்னாராம் மருத்துவர்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. நம்பர்க்காரி அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வேலை செய்கிறாள். அந்த முதல் எண்ணைப் போட்டது இவளேதானா? மைக்காரரின் குறிப்பு இவள் திரைக்கு வந்திருந்தால், பாட்டுப் பாடிக்கொண்டு படியிறங்கிய மனிதருக்கு இவள் தினமும் "வணக்கம் சார்" சொன்னபோது எல்லாம் தெரிந்துதானே சொல்லியிருக்க வேண்டும்? ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வளைத்துப் பிடித்துவிட்டேன்.

"உண்மையைச் சொல்லு. அந்த ஒன்பதைப் போட்டது நீதானே?"

ஈரத் துணியை உதறினாள். என் மேல் தண்ணீர் தெறித்தது. வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

"வாத்து கதை இன்னொண்ணு இருக்கு அக்கா. வேணா அதைச் சொல்றேன்."

அவ்வளவுதான் கிடைத்தது. இவளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊரில் பாதிப் பேரின் ரகசியத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, க்ளிப்பைக் கவ்விய வாயோடு நிம்மதியாகத் துணி காயப்போடுகிற ஒரு பிறவியை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு ஒரே ஒரு ரகசியம் தெரிந்தாலே தூக்கம் வராது.

மைக்காரர் வேலைக்குத் திரும்புவதற்கு முன்னால் சில நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொன்னார், அதே குரலில். கீழ்வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள், பிறகு தன் புருஷனைக் கேட்டு வரும்படி மேலே அனுப்பினாள்.

ஒருநாள் சாயங்காலம் கட்டடத்தின் சொந்தக்காரர் வந்தார். கதவில் ஆணி அடித்தால் கூட மேலே வந்து கத்துகிற மனிதர். யாரிடமும் உட்கார்ந்து பேசிப் பார்த்ததில்லை. நான் என் வாசலில் பழைய துணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணித் தொட்டி கழுவணும்," என்றார் மைக்காரரிடம்.

"கழுவிடலாம் சார்."

"மோட்டாரும் ஒரு மாதிரி சத்தம் போடுது."

"பாக்கலாம் சார்."

மனிதர் போகவில்லை. கைப்பிடிச் சுவரைத் தடவினார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். மைக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"சொல்லுங்க சார்," என்றார், மிகவும் தணிந்த குரலில்.

சொந்தக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளையும் போட்டேன். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன், தண்ணீர் முழு வேகத்தில் பாத்திரத்தில் கொட்டட்டும் என்று. அதற்குள் வெளியே இன்னொரு நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டுவிட்டது.